கொழும்பு – மாலே: போக 1 மணித்தியாலம், வர 2 மணித்தியாலம். டிக்கெட்டில் பிழையா?

முல்லைச்செடி
எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்டில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு மாலைதீவு போக யோசித்திருக்கிறோம். கட்டுநாயக்காவிலிருந்து மாலேக்கு நேரடி விமானம். டிக்கெட் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டது. போகும் விமானம் காலை 7.20க்கு வெளிக்கிட்டு 8.20க்குப் போய்ச் சேருகிறது. திரும்பும் விமானம் பகல் 2.10க்கு வெளிக்கிட்டு 4.10க்குத்தான் வருகிறது. அதே கடல், அதே வகை விமானம். எப்படி இரண்டு மடங்கு?

தூரமாவது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஒரு தளத்தில் 765, இன்னொன்றில் 778, மூன்றாவதில் 483, நாலாவதில் 420. அப்பா நாலையும் கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டு "இதில் எது சரி என்று தெரியாமல் நான் ஏறமாட்டேன்" என்கிறார். பாதி பகிடி, பாதி உண்மை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரம்
நேர வித்தியாசம் அக்கா. மாலே நம்மைவிட அரை மணித்தியாலம் பின்னுக்கு. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். 7.20க்கு ஏறி 8.20க்கு இறங்கும்போது நம் மணிக்கூட்டில் 8.50. ஆக, ஒன்றரை மணித்தியாலம். வரும்போது மாலேயில் 2.10 என்றால் இங்கே 2.40. 4.10க்கு வந்து இறங்கினால் அதுவும் ஒன்றரைதான். அப்பாவிடம் சொல்லுங்கள், பிழை ஒன்றும் இல்லை.

வெள்ளிமீன்
நேர வித்தியாசம் மட்டும்தானா? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. விமானம் மேற்கே போகும்போது மாலே எதிரே வருகிறது, கிழக்கே வரும்போது கொழும்பு விலகிப் போகிறது. அதனால் போக்கு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

கரையோரம்
அப்படியென்றால் ஹெலிகொப்டரில் ஏறி ஒரே இடத்தில் நின்றால் போதுமே, மாலே தானாக வந்து சேர்ந்துவிடும்.

தரைவழிகாட்டி
கரையோரம் சொன்னது சரி. வெள்ளிமீன் தம்பி, பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. பூமியின் சுழற்சி நேரடியாக ஒரு நிமிடத்தையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. கூட்டிக் குறைப்பது காற்று. அதற்குப் பிறகு வருகிறேன். நான் ஒரு விமான நிறுவனத்தில் பறப்புத் திட்டம் போடும் பிரிவில் இருந்தவன், இப்போது ஓய்வு. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம். அப்பாவின் கொப்பியில் இருக்கும் நாலு எண்ணும் சரிதான்.

778 என்பது கட்டுநாயக்காவிலிருந்து மாலே விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலே தீவு வரைக்கும், பூமியின் வளைவையொட்டி அளந்த மிகக் குறுகிய தூரம், கிலோமீற்றரில். அதையே சாதாரண மைலில் சொன்னால் 483. கடல் மைலில் சொன்னால் 420. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் நாங்களும் கதைப்பது கடல் மைலில்தான். 765 என்று போட்ட தளம் விமான நிலையத்தைப் பார்க்கவில்லை, கொழும்பு நகரத்திலிருந்து மாலே நகரத்துக்கு அளந்திருக்கிறது. கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே 30 கி.மீ. அளவில் இருக்கிறது. மாலேயோ தென்மேற்கே இருக்கிறது. எனவே விமானம் ஏற நீங்கள் முதலில் எதிர்த் திசையில் போகிறீர்கள். அந்த 13 கி.மீ. வித்தியாசம் அங்கேயிருந்து வருகிறது.

இந்தப் பாதை பூமத்திய ரேகைக்குக் கிட்ட என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. தட்டை வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் வரும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போகும் பாதைகளில் கோடு வடக்கே வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இடையில் ஒரு துண்டு நிலம்கூடக் கிடையாது. நீர்கொழும்புக் களப்பைத் தாண்டினால் பவளத் தீவுகள் தெரியும்வரை வெறும் கடல்.

ஆனால் விமானம் சரியாக 778 கி.மீ. பறப்பதில்லை. கட்டுநாயக்கா ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால் அந்தப் பக்கமே ஓடி எழும்பி நேரே மாலேயை நோக்கிப் போய்விடலாம். வடகிழக்கிலிருந்து அடித்தால் எதிர்ப்பக்கம் எழும்பி, ஒரு வளைவு எடுத்துத் திரும்பி வரவேண்டும். மாலேயில் ஓடுபாதை வடக்கு – தெற்கு. கிழக்கேயிருந்து வரும் விமானம் ஏதாவது ஒரு முனைக்குச் சுற்றிப்போய்த்தான் இறங்க வேண்டும். முன்னால் இரண்டு விமானம் வரிசையில் நின்றால் வானத்தில் ஒரு வட்டம். இப்படி உண்மையில் பறக்கும் தூரம் ஒவ்வொரு நாளும் வேறு.

முல்லைச்செடி
நன்றி ஐயா. அப்பா இதை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய அடுத்த கேள்வி: விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும் என்கிறார்கள். 778 கி.மீ.க்கு ஒரு மணித்தியாலம்கூடத் தேவையில்லையே. மிச்ச அரை மணித்தியாலம் எங்கே போகிறது?

தரைவழிகாட்டி
நல்ல கேள்வி. டிக்கெட்டில் இருக்கும் ஒன்றரை மணித்தியாலம் பறக்கும் நேரம் அல்ல. கட்டுநாயக்காவில் கதவை மூடி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நேரத்திலிருந்து, மாலேயில் அது நின்று சில்லுக்குக் கட்டை போடும் நேரம் வரை. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். அதோடு தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடும். அறிவித்த நேரத்துக்குப் பிறகு 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அதைச் "சரியான நேரம்" என்றுதான் இந்தத் தொழிலில் கணக்கு எடுப்பார்கள். அப்படியும் இடம் விட்டுத்தான் போடுவார்கள்.

வானத்தில் இருப்பது ஒரு மணி 10 நிமிடம் அளவில். அதிலும் முழு வேகத்தில் போவது கொஞ்ச நேரம்தான். ஏறுவதற்கு 20 நிமிடம், இறங்குவதற்கு 20, 25 நிமிடம். நடுவில் மட்டமாகப் பறப்பது அரை மணித்தியாலம் இருந்தால் பெரிய விஷயம். பணிப்பெண்கள் தட்டைக் கொடுத்த கையோடு திரும்ப வாங்க ஓடுவது அதனால்தான்.

குறுகிய பறப்புகளில் எப்போதும் இதே கதை. தூரம் பாதியானால் நேரம் பாதியாகாது. ஏறி இறங்கும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அலைபேசி
அந்தத் தூரக் கணிப்புத் தளங்கள் எப்படிப் பயண நேரம் போடுகின்றன என்று நான் ஒருமுறை தோண்டிப் பார்த்தேன். பல தளங்களில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. தூரத்தை மணிக்கு 500 மைலால் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரம் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். 483 மைல் என்றால் 58 நிமிடம், அதோடு 30. ஒரு மணி 28 நிமிடம். இங்கே அதிர்ஷ்டவசமாக டிக்கெட்டோடு பொருந்திவிட்டது.

பொருந்தாத இடம் பார்க்க வேண்டுமா? ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே விமானம். உலகத்திலேயே மிகக் குறுகிய கால அட்டவணைப் பறப்பு அது. தூரம் 2.7 கி.மீ. சிறிய ஐலண்டர் விமானம் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும். காற்று வாய்த்த ஒரு நாளில் 53 நொடியில் போனதுதான் சாதனை. இந்தத் தளங்களின் சூத்திரத்தைப் போட்டால் அதற்கும் அரை மணி நேரம் வரும்!

சோழகம்
காற்றைப் பற்றிப் பிறகு சொல்வதாகத் தரைவழிகாட்டி ஐயா சொன்னார், காணவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். ஓகஸ்ட் என்றால் சோழகக் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும். மாலே தென்மேற்கே. அப்படியென்றால் போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக் காற்று. வருவதுதான் கெதியாக இருக்க வேண்டும், இல்லையா? மீன்பிடி வள்ளத்துக்கு அப்படித்தான்.

தரைவழிகாட்டி
வள்ளத்துக்குச் சரி. விமானத்துக்கு நேர்மாறு. இதை முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

சோழகம் கீழே அடிக்கும் காற்று. கடல்மட்டத்திலிருந்து சில கிலோமீற்றர் உயரம் வரைதான் அதன் ஆட்சி. அதற்கு மேலே போனால் காற்று திரும்பிவிடும். ஆனி முதல் ஆவணி வரை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலே, 14, 16 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலமான ஒரு காற்றோடை ஓடும். கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடாகி, மேலே வடக்கே வெப்பம் கூடித் தெற்கே குறைவதால் அது உண்டாகிறது. பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1950களில் இதை விவரித்து எழுதினார். நம் விமானம் 34,000, 36,000 அடியில், அதாவது பத்தரை, 11 கி.மீ. உயரத்தில் போகும். காற்றோடையின் நடுப்பகுதிக்குக் கீழே. என்றாலும் அந்த உயரத்திலும் கிழக்குக் காற்றுதான்.

ஆக, ஓகஸ்டில் மாலே போகும்போது மேலே முதுகுக் காற்று, திரும்பும்போது எதிர்காற்று. எவ்வளவு வித்தியாசம்? காற்றில்லாமல் விமான வேகம் 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்), காற்று 30 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 480, வரும்போது 420. 420 கடல் மைலுக்கு ஒன்று 52, 53 நிமிடம், மற்றது 60. மிஞ்சி மிஞ்சிப் போனால் ஏழெட்டு நிமிடம். முல்லைச்செடி கேட்ட ஒரு மணித்தியால வித்தியாசத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. அட்டவணையில் கூட்டிப் போட்ட நிமிடங்கள் இதை விழுங்கிவிடும்.

இன்னொன்று. மேற்கே போகிறவர்களுக்கு 34, 36 என்று இரட்டைப்படை உயரம். கிழக்கே வருகிறவர்களுக்கு 35, 37 என்று ஒற்றைப்படை. எதிரெதிரே வருகிறவர்கள் எப்போதும் ஆயிரம் அடி விலகியே இருப்பதற்காக. திரையில் உயரம் காட்டினால் அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோழகம்
கீழே ஒரு காற்று, மேலே அதற்கு எதிர்க்காற்று. சரி, என் பெயரை மாற்றத் தேவையில்லை, நான் கீழேயே இருக்கிறேன்.

பழைய மணிக்கூடு
நேர வித்தியாசம் என்றதும் ஞாபகம் வந்தது. இலங்கையில் 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். மே 25ஆம் தேதி ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. அதே வருடம் அக்டோபர் கடைசியில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. பிறகு 2006 ஏப்ரலில் மற்ற அரை மணித்தியாலமும் போய், இப்போதைய நேரத்துக்கு வந்தோம். மாலே அப்போதும் இப்போதும் அசையவில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். 1996 ஜூலையில் மாலேக்கும் கொழும்புக்கும் ஒன்றரை மணித்தியால வித்தியாசம். பறப்பும் ஒன்றரை. காலை 9 மணிக்கு வெளிக்கிட்டால் 9 மணிக்கே மாலே! திரும்பி வருவது 3 மணித்தியாலம். அந்தக் காலத்தில் எதைச் சொன்னாலும் "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டுத்தான் கல்யாணவீட்டுக்கே போனோம்.

வெள்ளிமீன்
அப்படிப் பார்த்தால் போய்ச்சேரும் நேரம் வெளிக்கிட்ட நேரத்துக்கு முன்னால் வரும் பாதையும் இருக்குமா?

அலைபேசி
நேரம் என்ன, தேதியே முன்னால் வரும். சமோவாவின் ஆப்பியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு 150 கி.மீ.தான் இருக்கும். நடுவே சர்வதேசத் தேதிக்கோடு. இரண்டு இடத்துக்கும் 24 மணி நேர வித்தியாசம். சனிக்கிழமை காலை ஏறினால் வெள்ளிக்கிழமை காலை இறங்கலாம். முன்பு இரண்டும் ஒரே பக்கம்தான் இருந்தன. 2011 டிசம்பர் 30ஐ சமோவா அப்படியே விட்டுவிட்டுத் தாண்டி, மறுபக்கம் போய்விட்டது.

சிப்பி
எல்லாரும் வானத்திலேயே நிற்கிறீர்கள். முல்லைச்செடி, நீங்கள் போவது மாலே நகரத்துக்கா, ரிசார்ட் தீவுக்கா? அதைச் சொன்னால்தான் பயண நேரம் என்னவென்று உருப்படியாகக் கதைக்கலாம். மாலேயில் இறங்கினால் பாதிப் பயணம்தான் முடிந்திருக்கும்.

முல்லைச்செடி
ரிசார்ட்தான் அக்கா. மாலேயிலிருந்து சீபிளேனில் 40 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். பகல் ஒன்றரை மணிக்கு இறங்கும் விமானம் ஒன்றும், மாலை 5 மணிக்கு இறங்கும் விமானம் ஒன்றும் இருக்கிறது. மாலை விமானம் மலிவு.

சிப்பி
மாலை விமானத்தை இப்போதே மறந்துவிடுங்கள். சீபிளேன் பகலில் மட்டும்தான் பறக்கும். தண்ணீரில் இறங்க விமானிக்குக் கண்ணால் தெரிய வேண்டும். மாலேயில் வருடம் முழுக்க 6 மணியளவில் இருட்டிவிடும், அதற்குள் அவர்கள் தீவில் இறக்கிவிட்டுத் திரும்பவும் வேண்டும். பெரும்பாலும் பிற்பகல் மூன்றரைக்கு முன்னால் மாலேயில் இறங்குகிறவர்களைத்தான் அன்றே ஏற்றுவார்கள். 5 மணிக்கு இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்கி, காலையில் போக வேண்டும். மலிவு விமானத்தில் மிச்சம்பிடித்தது அங்கே அறைக்குப் போய்விடும். விடுமுறையில் ஒரு நாளும் போய்விடும்.

ஒன்றரை மணி விமானமும் நெருக்கடிதான், ஆனால் சமாளிக்கலாம். குடிவரவு, பெட்டி, பிறகு சீபிளேன் முனையத்துக்கு வேறு வண்டி, அங்கே காத்திருப்பு. சீபிளேனுக்கு நிலையான அட்டவணை கிடையாது. யார் யார் எந்தத் தீவுக்குப் போகிறார்கள் என்று முதல் நாள் பார்த்துத்தான் போடுவார்கள். உங்கள் 40 நிமிடம் வழியில் இன்னொரு தீவில் இறங்கி எழும்பினால் ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த இறங்கல் அழகாகத்தான் இருக்கும், வயசான ஆட்களுக்குக் காது அடைப்பதுதான் தொல்லை. என்னைக் கேட்டால் முதலில் சொன்ன 7.20 விமானம்தான் உங்களுக்குச் சரி.

வீட்டுவாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். கொழும்பிலிருந்து அதிவேகப் பாதையில் அரை மணித்தியாலத்துக்கு மேல், விமான நிலையத்தில் மூன்று, வானமும் தரையுமாக ஒன்றரை, மாலேயில் வெளியே வந்து சீபிளேனுக்குக் காத்திருப்பது இரண்டு, பிறகு சீபிளேன் ஒன்று. 8 மணித்தியாலம். அதில் 778 கி.மீ. கடலைத் தாண்டுவது ஒரு மணி 10 நிமிடம்.

அப்புறம் ஒன்று. மாலைதீவுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, இறங்கும்போது 30 நாளைக்குத் தருகிறார்கள். ஆனால் இமுகா என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும். ஒரு கிழமைக்கு முன்னாலேயே செய்து முடிப்போம் என்று உட்கார்ந்தால் ஏற்காது.

கரையோரம்
இன்னும் குழப்பட்டுமா? சில ரிசார்ட்டுகள் சொந்த நேரம் வைத்திருக்கின்றன. மாலேயைவிட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. விருந்தாளிகளுக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. அப்படியான தீவு என்றால் கொழும்பில் 9.30, மாலேயில் 9.00, ரிசார்ட்டில் 10.00. திரும்பும் நாள் "சீபிளேன் 10 மணிக்கு" என்று வரவேற்பறையில் சொன்னால், எந்த 10 மணி என்று கேட்டுவிடுங்கள்.

முல்லைச்செடி
அப்பா இப்போது கொப்பியில் மூன்று மணிக்கூடு கீறிவிட்டார்.

7.20 விமானத்தையே எடுக்கிறோம். மிச்சம் திரும்பும் பயணம்தான். காலை 9.20க்கு ஒன்றும் பகல் 2.10க்கு ஒன்றும் இருக்கிறது. காலை விமானம் என்றால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறா அம்மா.

சிப்பி
அது போகும்போது இருந்த அதே சிக்கலின் மறுபக்கம். சீபிளேன் விடிந்த பிறகுதான் வெளிக்கிடும். 9.20 விமானத்துக்கு 6.20க்கு மாலே விமான நிலையத்தில் நிற்கச் சொல்வார்கள். முதல் சீபிளேனே உங்கள் தீவில் ஏற்றி மாலேக்குக் கொண்டுவர ஏழு, ஏழரை ஆகும். அதுவும் மழை இல்லாவிட்டால். ஓகஸ்ட் சோழக காலம், காலையில் மழை மூட்டம் வந்தால் சீபிளேன் காத்திருக்கும், பெரிய விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. 2.10ஐ எடுங்கள்.

அம்மாவுக்குக் காலையிலேயே வர வேண்டும் என்றால், சீபிளேன் இல்லாமல் வேகப்படகில் போகக்கூடிய கிட்டத்துத் தீவாகப் பாருங்கள். வேகப்படகு இரவிலும் ஓடும். அப்படியென்றால் மாலை 5 மணிக்கு இறங்கும் மலிவு விமானமும் உங்களுக்குச் சரிவரும்.

தரைவழிகாட்டி
சிப்பி சொன்னதோடு ஒன்று மட்டும். 2.10க்கு வெளிக்கிட்டாலும் ஓகஸ்ட் பின்னேரத்தில் எதிர்காற்று. 4.10 என்று போட்டிருப்பதை நம்பலாம், அதற்கு முன்னால் வந்து இறங்கும் என்று மட்டும் வாகனக்காரரிடம் சொல்லிவைக்காதீர்கள். பெட்டி எடுத்து வெளியே வர 5 மணி என்று சொல்லுங்கள். கட்டுநாயக்கா நேரம்.